தம்பிக்கு: அப்பாவின் சாவுக்கு இங்கே வந்தவர்கள்

அன்புள்ள தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் மறுபடியும் அதையே சொன்னாய். "பதினேழு பேர், அக்கா. அப்பாவுக்குப் பதினேழே பேர்." ஊரில் யார் வீட்டில் எழவு விழுந்தாலும் மூங்கில் வெட்ட முதல் ஆளாய்ப் போய் நின்றவர் அவர். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராய் இருந்ததால் சுற்றுப்பட்டில் அவரைத் தெரியாத வீடே கிடையாது. அவரை 2020 கொரோனா ஊரடங்கில் ஒரு மேளம் இல்லாமல், சங்கு இல்லாமல், காலை 11 மணிக்குள் தூக்கிக்கொண்டு போனதை நீ இன்னும் இறக்கிவைக்கவில்லை. நானும் அன்றைக்குப் பதில் எதுவும் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

உன்னிடம் சொல்லாமல் ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். அன்று இங்கே என்ன நடந்தது என்று உனக்கு நான் முழுசாய்ச் சொன்னதில்லை. நீ தீச்சட்டி பிடித்துத் தனியாய் நடந்த நாளில், எனக்கு வந்து நின்றவர்களைப் பற்றி உன்னிடம் எப்படிச் சொல்வது? மனசு வரவில்லை. போன மாதம் பக்கத்து வீட்டம்மா இறந்துபோனார். அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்கப் போய் வந்ததிலிருந்து, இனியும் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று தோன்றுகிறது. வாட்ஸப்பில் எழுதினால் நீ பாதி படித்துவிட்டு "சரிக்கா" என்பாய். அதனால் இங்கேயே எழுதுகிறேன். அந்த வருஷம் ஊருக்குப் போக முடியாமல் போன் திரையில் சாவு பார்த்த நம் ஆட்கள் நிறையப் பேர் இதைப் படிக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

முதலில் இங்கே சாவு என்றால் என்ன என்று உனக்குச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரர்கள் ஊர், சாவைக்கூட சத்தமில்லாமல் நாலு பேரோடு முடித்துவிடுவார்கள் என்றுதான் நானும் நினைத்துக்கொண்டு வந்தேன். அயர்லாந்து அப்படி இல்லை. அதுவும் எங்கள் கிளேர் மாவட்டத்துப் பக்கம் சுத்தமாய் இல்லை. "நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போயிரணும்" என்று அப்பா சொல்வாரே, அதேதான் இங்கேயும். பெட்டியைத் திறந்து வீட்டுக்குள்ளேயே வைத்து இரவு முழுக்கப் பக்கத்தில் ஆள் இருப்பார்கள். வேக் என்று அதற்குப் பெயர். ஊரே வரிசையில் வந்து, வீட்டார் ஒவ்வொருவர் கையையும் பிடித்து ஒரே வார்த்தையைச் சொல்லும்: "சாரி ஃபார் யுவர் ட்ரபிள்." உங்கள் துக்கத்துக்கு வருந்துகிறேன் என்று அர்த்தம். வேறு எதுவும் பேசத் தேவையில்லை. அடுப்படியில் டீ போடுவதும் சான்ட்விச் அடுக்குவதும் அக்கம்பக்கத்துப் பெண்கள். கிராமத்தில் பல இடங்களில் குழி வெட்டுவதும் அக்கம்பக்கத்து ஆண்கள்தான். ஒரு மாதம் கழித்து மன்த்ஸ் மைண்ட் என்று ஒரு பூசை உண்டு. நம் கருமாதி மாதிரி வைத்துக்கொள்.

உள்ளூர் வானொலியில் தினமும் சாவுச் செய்தி வாசிப்பார்கள். ஆர்ஐபி டாட் ஐஇ என்று ஒரு இணையதளமும் இருக்கிறது. காலையில் டீயோடு அதைப் பார்க்காவிட்டால் பாதிப் பேருக்குப் பொழுது விடியாது. 2020-இல் கொரோனாவால் எவ்வளவு பேர் கூடுதலாய் இறந்திருக்கிறார்கள் என்று கணக்கெடுக்க, ஹிக்வா என்ற அரசு அமைப்பு இந்தத் தளத்தில் வந்த அறிவிப்புகளைத்தான் எடுத்துக்கொண்டது. இறப்பைச் சட்டப்படி பதிவு செய்ய அப்போது மூன்று மாதம்வரை அவகாசம் இருந்தது. ஆனால் இந்தத் தளத்தில் ஒன்றிரண்டு நாளில் வந்துவிடும். பக்கத்து ஊர்க்காரனுக்குத் தகவல் தெரியாமல் போய்விடக் கூடாது, அதுதான் காரணம்.

இப்படிப்பட்ட ஜனங்களிடம்தான் அந்த வருஷம் "பத்துப் பேருக்கு மேல் வராதே" என்று சொன்னார்கள்.

பிப்ரவரி 29 அன்று முதல் நோயாளி. மார்ச் 12 அன்று பிரதமர் லியோ வரத்கர் வாஷிங்டனில் இருந்தபடியே, இன்று மாலை 6 மணியோடு பள்ளிக்கூடங்களை மூடுங்கள் என்றார். மார்ச் 15, ஞாயிற்றுக்கிழமை, பப்களையும் மூடச் சொன்னார்கள். புனித பேட்ரிக் நாள் ஊர்வலங்கள் எல்லாம் ரத்து. மார்ச் 27 ராத்திரியோடு எல்லோரும் வீட்டுக்குள். உடற்பயிற்சிக்காக வெளியே வந்தால் வீட்டிலிருந்து 2 கிலோமீட்டர் தாண்டக் கூடாது. 70 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் வாசலையே தாண்டக் கூடாது. அதற்கு 'கக்கூனிங்' என்று பேர் வைத்தார்கள், கூட்டுப்புழு மாதிரி கூட்டுக்குள் கிடப்பது. பக்கத்து வீட்டம்மாவுக்கு அப்போதே எண்பது தாண்டிவிட்டது. தினமும் காலையில் பூசைக்கு நடந்து போய்வந்த மனுஷி. அன்றிலிருந்து அவருக்கு உலகம் என்றால் வீடும், பின்புறத் தோட்டமும், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள இடுப்பளவுச் சுவரும்தான்.

எங்கள் சந்தின் கோடி வீட்டுப் பையன் பப்பில் வேலை பார்த்தவன். அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வேலை போயிற்று. அரசாங்கம் வாரம் 350 யூரோ கொடுத்தது. மே மாதத் தொடக்கத்தில் ஆறு லட்சம் பேர் அந்தப் பணத்தில் இருந்தார்கள், ஜனத்தொகை அரைக் கோடியைக்கூடத் தொடாத நாட்டில். அவன் சும்மா உட்காரவில்லை. இங்கே ஊருக்கு ஊர் ஜிஏஏ கிளப் ஒன்று இருக்கும், ஹர்லிங்கும் கேலிக் கால்பந்தும் ஆடுகிற சங்கம். மைதானங்களைப் பூட்டியதும் அந்த ஆட்டக்காரர்கள் எல்லாம் மருந்தும் மளிகையும் சுமக்க ஆரம்பித்தார்கள். இவனும் பக்கத்து வீட்டம்மாவுக்குச் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் பையைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, ஆறடி தள்ளி நின்று பால் சரியா, ரொட்டி சரியா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுவிட்டுத்தான் போவான். ரோட்டில் காவல் போட்டு நின்ற போலீஸ்காரர்களும் வயசானவர்களுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தார்கள். தபால்காரர் நாளுக்கொரு தடவை ஜன்னலைத் தட்டி, உள்ளே அசைவு தெரிந்த பிறகுதான் நகர்வார்.

நான் எங்கே இருந்தேன் என்று உனக்குத் தெரியும். முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை. அதைப் பற்றி அதிகம் எழுத எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. மார்ச் 6 அன்றே முதியோர் இல்லங்களின் சங்கம் வெளியாட்களை உள்ளே விடாதீர்கள் என்று சொல்லிவிட்டது. நாலு நாள் கழித்து தலைமை மருத்துவ அதிகாரி டோனி ஹோலஹன், எல்லா இடத்திலும் அப்படிச் செய்ய இப்போதைக்கு அவசியமில்லை என்றார். அதற்குப் பிறகு சீக்கிரமே எல்லாக் கதவும் சாத்தியாகிவிட்டது. அந்த முதல் அலையில் இந்த நாட்டில் கொரோனாவில் இறந்தவர்களில் பாதிக்கு மேல் முதியோர் இல்லங்களில் இருந்தவர்கள். மார்ச் 26 ராத்திரி 8 மணிக்கு நாடு முழுக்க வாசலில் நின்று எங்களுக்காகக் கைதட்டினார்கள். நான் அப்போது டியூட்டியில் இருந்தேன். ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்டது. யார் யாருக்கு எந்நேரம் மாத்திரை என்பதுதான் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஆளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஆடு மேய்த்தே காலம் போக்கிய ஒரு பாட்டி. மகனும் அதே தொழில். இங்கே மார்ச், ஏப்ரலில்தான் ஆடுகள் குட்டி போடும். மகன் உள்ளே வரக் கூடாதே, அதனால் ஒருநாள் பிறந்து மூன்று நாளான குட்டி ஒன்றைக் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்து ஜன்னலுக்கு வெளியே தூக்கிக் காட்டினார். நாங்கள் எல்லோரும் "அச்சச்சோ, எவ்வளவு அழகு" என்று நின்றோம். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கண்ணாடிச் சன்னலில் மூக்கு இடிக்கக் குனிந்து பார்த்துவிட்டு, "பின்னங்கால் பலமில்லை, தாயிடம் நன்றாய்க் குடிக்கவில்லை, இதைத் தனியாய்ப் பிரித்துப் புட்டிப்பால் கொடு" என்றார். மகன் வெளியே நின்று தலையாட்டினார். அதுதான் அவர்கள் கடைசியாய் நேரில் பேசிக்கொண்டது.

பதினைந்து நாள் கழித்து அந்தப் பாட்டி போகும்போது பக்கத்தில் நான்தான் இருந்தேன். கையுறை போட்ட கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மகனுக்கு ஸ்பீக்கரில் போனை வைத்தேன். மகன் ஆடுகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டே இருந்தார், எத்தனை குட்டி, எந்த வயலில் விட்டிருக்கிறது என்று. பெட்டியை மூடிவிட்டார்கள். வேக் கிடையாது, வரிசை கிடையாது, கைகொடுப்பது கிடையாது. இணையதள அறிவிப்பில், அரசின் ஆலோசனைப்படி அடக்கம் குடும்பத்தாரோடு மட்டும் என்று இரண்டு வரி.

ஆனால் பெட்டி ஏற்றிய வண்டி இல்லத்திலிருந்து நேரே கல்லறைக்குப் போகவில்லை தம்பி. அவர் வீட்டு வழியாய்ச் சுற்றிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் போனது. அந்த ரோடு முழுக்க இரண்டு பக்கமும் ஆட்கள். அவரவர் வாசலில், அவரவர் வயல் கேட்டில், ஒரு குடும்பத்துக்கும் இன்னொரு குடும்பத்துக்கும் நடுவே நன்றாய் இடம் விட்டு. டிராக்டர்களை வரப்போரம் வரிசையாய் நிறுத்தி விளக்குப் போட்டிருந்தார்கள். அவர் வீட்டு முன்னால் வண்டி ஒரு நிமிஷம் நின்றது. யாரும் கிட்டே வரவில்லை, யாரும் பேசவில்லை. வண்டி கடக்கும்போது ஆண்கள் தொப்பியை எடுத்தார்கள். எங்கள் ஊர் மட்டுமில்லை, அந்த மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் நாடெங்கும் இப்படித்தான் நடந்தது. யார் முதலில் ஆரம்பித்தது என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். உள்ளே பத்துப் பேர் என்றால் வெளியே ரோட்டில் நிற்கலாமே என்று ஊருக்கு ஊர் தானாகத் தோன்றியிருக்கிறது.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஏப்ரல் கடைசி. நீ கூப்பிட்டபோது இங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. இந்தியாவுக்குள் வெளிநாட்டு விமானம் எதையும் மார்ச் 22 முதல் விடவில்லை, டிக்கெட் பார்க்கக்கூட வழியில்லை. இருபது பேருக்கு மேல் கூடக் கூடாது என்று அங்கேயும் சட்டம். இங்கே காலை ஆறரை இருக்கும், நீங்கள் தூக்கும்போது எதிர்வீட்டுத் தம்பி வீடியோவில் காட்டினான். தெருமுனை திரும்பியதும் சிக்னல் போய்விட்டது. எனக்குக் கடைசியாய்த் தெரிந்தது உன் முதுகும் அந்த ஈர வேட்டியும். அதற்குப் பிறகு திரையில் என் முகம்தான் தெரிந்தது.

அத்தான் குப்பைத்தொட்டியை வெளியே வைக்கப் போனவர் கோடி வீட்டுப் பையனிடம் சொல்லியிருக்கிறார். அவன் கேட்ட முதல் கேள்வி, "அடக்கம் எப்போது?" இந்த ஊரில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான். முடிந்துவிட்டது என்று அத்தான் சொன்னதும் அவனுக்கு ஒன்றும் ஓடவில்லையாம். இங்கே இரண்டு மூன்று நாள் ஆகுமே. "முடிஞ்சுதா? அப்ப நாங்க எப்ப வர்றது?" என்று கேட்டிருக்கிறான்.

பத்து மணிக்கு வாசலில் சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தேன். சுவர்மேல் துணியில் சுற்றிய சோடா பிரெட், இன்னும் சூடாய் இருந்தது. அப்புறம் ஒரு ஆப்பிள் டார்ட். ஒரு பிளாஸ்க் நிறைய டீ. முட்டை சான்ட்விச் ஒரு தட்டு, மேலே ஈரத்துணி போட்டு மூடி. மதியத்துக்குள் இன்னும் மூன்று பாத்திரம். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, அக்கம்பக்கம்தான் சோறு கொண்டுவரணும் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை தம்பி. அவர்களுக்கு நம் வழக்கம் எதுவும் தெரியாது. அந்த ரொட்டியைப் பிய்த்து வாயில் வைத்தபோதுதான் எனக்கு அழுகையே வந்தது. அதுவரை வரவில்லை.

சாயங்காலம் ஆறு மணிக்குக் கோயில் மணி அடிக்கும், ஏஞ்சலஸ் மணி என்பார்கள். பூசை நின்றாலும் மணி நிற்கவில்லை. அந்த ஏப்ரல் முழுக்க இங்கே அபூர்வமான வெயில், ஆறு மணிக்கு நடுப்பகல் மாதிரி இருந்தது. "ஆறு மணிக்கு வாசலுக்கு வாருங்கள்" என்று அந்தப் பையன் கதவிடுக்கில் ஒரு சீட்டுப் போட்டிருந்தான். அத்தானும் நானும் போய் நின்றோம். எங்கள் சந்தில் பதினோரு வீடு. பதினோரு வீட்டு வாசலிலும் ஆட்கள். முகம் மட்டும் தெரிந்த, பேர்கூடத் தெரியாத வீடுகளும் அதில் உண்டு. மணி அடித்து முடிகிறவரை எல்லோரும் எங்களைப் பார்த்து நின்றார்கள்.

பக்கத்து வீட்டம்மா தன் படியில் நின்றார். வாசலைத் தாண்டக் கூடாதே, அதனால் படிமேலேயே. ஐந்து வாரமாய் அவரைத் தோட்டத்து ஸ்வெட்டரில்தான் பார்த்திருந்தேன். அன்று கறுப்புக் கோட்டு, கழுத்துவரை பொத்தான் போட்டு, தலை சீவி, பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. துஷ்டி வீட்டுக்குப் போகிற உடுப்பு. தன் வீட்டுப் படியில் வந்து நிற்க அவ்வளவும் போட்டிருந்தார். மணி நின்றதும் சந்துக்குக் கேட்கிற குரலில், "சாரி ஃபார் யுவர் ட்ரபிள்" என்றார். அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு என்று அந்த வார்த்தை ஒவ்வொரு வாசலாய்ச் சொல்லப்பட்டுக் கோடி வரைக்கும் போனது.

மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளி நின்று அப்பாவின் பேரைக் கேட்டார். நான் சொன்னேன். எழுத்தெழுத்தாய்ச் சொல்லச் சொல்லி ஒரு உறையின் முதுகில் எழுதிக்கொண்டு, திரும்பப் படித்துச் சரிபார்த்தார்.

அந்த நாட்களில் இங்கே தபால் துறை வீட்டுக்கு இரண்டு அஞ்சலட்டை இலவசமாய்க் கொடுத்தது, நேரில் பார்க்க முடியாதவர்களுக்கு எழுதட்டும் என்று. ஸ்டாம்ப் தேவையில்லை. அந்த அம்மாவுக்கு இங்கிலாந்தில் மகள், டப்ளினில் மகன். அப்படியிருந்தும் அந்த இரண்டில் ஒன்றை எனக்குப் போட்டார். பத்தடி தூரத்தில் இருக்கிற வீட்டுக்கு. தபால்காரர் அவர் ஜன்னலில் வாங்கிக்கொண்டு போய், முத்திரை விழுந்து, இரண்டு நாள் கழித்து என் கதவில் போட்டார். அதில் அப்பாவின் பேர் எழுத்துப் பிசகாமல் இருந்தது. ஏன் இப்படி என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். சுவர்மேல் வைத்தால் அது கடுதாசி ஆகாது, சாவுக்கு வந்த கடுதாசி தபாலில் வரணும் என்றார்.

மே மாதத்தில் இன்னொன்று. அமெரிக்காவில் நவாஹோ, ஹோப்பி பழங்குடி மக்கள் கொரோனாவில் மிகவும் அடிபட்டு, இணையத்தில் உதவி கேட்டார்கள். கொடுத்தவர்கள் பட்டியலில் அயர்லாந்துப் பேர்களாய் வந்து விழுந்தன. காரணம் 1847. உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் இங்கே ஜனங்கள் கொத்துக்கொத்தாய்ச் செத்தபோது, சொந்த மண்ணிலிருந்து விரட்டப்பட்டுப் பதினைந்து வருஷம்போல ஆகியிருந்த சாக்டா பழங்குடிகள் 170 டாலர் திரட்டி அனுப்பினார்கள். நவாஹோவும் ஹோப்பியும் வேறு இனம்தான். ஆனாலும் 173 வருஷத்துக் கடன் நினைவில் இருந்திருக்கிறது. நம் மொய் நோட்டு மாதிரி என்று பக்கத்து வீட்டம்மாவிடம் விளக்கினேன், யார் வீட்டு விசேஷத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்று எழுதிவைத்துத் திருப்பிச் செய்வது. அவருக்கு அது மிகவும் பிடித்துப்போனது. உறையில் இருபது யூரோ வைத்துச் சுவர்மேல் வைத்தார். நான் போனில் கட்டினேன்.

போன மாதம் அவருக்கு வேக் நடந்தது. முறையாய், திறந்த பெட்டியோடு. வரிசை சந்தைத் தாண்டி ரோடு வரை நின்றது. நானும் நின்று அவர் மகள் கையையும் மகன் கையையும் பிடித்துச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அப்புறம் அடுப்படிக்குள் போய் ராத்திரி பதினொன்று வரை டீ போட்டேன்.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து மகள் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் கொடுத்தார். இங்கே நவம்பர் மாதம் இறந்தவர்களுக்கு. வீட்டில் இறந்தவர்களின் பேர்களை எழுதி உறையில் போட்டுக் கோயிலில் கொடுத்தால், மாதம் முழுக்கப் பீடத்தில் வைத்திருப்பார்கள். நம் மகாளய அமாவாசை மாதிரி. வருஷா வருஷம் பார்த்து எழுதுவதற்காக அந்த அம்மா ஒரு மூலத்தாள் வைத்திருந்திருக்கிறார். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்து, டேப் ஒட்டிய தாள். அவருடைய அப்பா, அம்மா, புருஷன், இரண்டு அண்ணன்மார், லண்டனில் இறந்த தங்கை. தங்கைக்குக் கீழே வேறு மையில் நம் அப்பாவின் பேர் இருக்கிறது. பக்கத்தில் அடைப்புக்குள் சின்னதாய், "அடுத்த வீடு" என்று எழுதியிருக்கிறார்.

போட்டோ எடுத்து உனக்கு அனுப்பியிருக்கிறேன். பெரிதாக்கிப் பார்.

அன்புடன்,
அக்கா